திரைமேல் போட்ட துண்டு

பனையடிக்கோட்டை மிளகாய் வியாபாரிகள் சங்கத்து மாடி ஹாலில், சித்திரை மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, கொரியா தேசத்திலிருந்து ஒரு கை வந்தது. கப்பலிலோ விமானத்திலோ வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெரிய டி.வி.க்குள்ளிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீண்டு வந்து, வத்தல் என்ன விலை என்று கேட்டது. நாங்கள் பதினாலு வியாபாரிகள் அப்போது அங்கே உட்கார்ந்திருந்தோம், ஒருத்தரும் மயங்கி விழவில்லை. கை வந்ததைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமில்லை, அது யாருடைய கை என்பதுதான் பெரிய ரகளையாகிப்போனது. அந்த ரகளை புரியவேண்டுமென்றால் எங்கள் சந்தையின் வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரெதிரே நின்று, இருவர் கைமேலும் ஒரு துண்டைப் போர்த்தி, உள்ளே விரல் பிடித்துப் பேசுவோம். மணிக்கட்டைப் பிடித்தால் பத்தாயிரம், ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரம், பாதி விரல் என்றால் ஐநூறு, உள்ளங்கையைச் சுரண்டினால் 'கட்டுபடியாகாது', கட்டைவிரலை அழுத்திப் பிடித்தால் முடிந்தது. விரல்கள் உள்ளே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே முகங்கள் இரண்டும் மழை உண்டா, மகளுக்கு வரன் அமைந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் மரியாதை. விலையைச் சபையில் உரக்கச் சொல்கிறவனை, வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் நிற்கிறவனைப் போலத்தான் பார்ப்போம். அந்தத் துண்டுக்குள் ஒரு பெண்ணின் கை நுழைந்ததாக எங்கள் சந்தையில் சரித்திரமே கிடையாது.

இந்த இடத்தில் அன்னபுஷ்பத்தைச் சொல்ல வேண்டும். சந்தைக் களத்தில் தரையில் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற பெண்களில் அவளும் ஒருத்தி. மூன்று வருஷத்துக்கு முன்னால் தன்னோடு காம்பு கிள்ளுகிற நாற்பது பேரைச் சேர்த்துக்கொண்டு, கண்மாய்க் கரையில் தரிசாகக் கிடந்த நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, முண்டு மிளகாய் போட்டாள். போன வருஷத்து வத்தலை எங்கள் சங்கத் தலைவர் தாளமுத்து அண்ணாச்சியின் மண்டி வழியாக விற்றாள். விற்ற அன்று, "எம்புட்டுக்கு முடிச்சீக அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "துண்டுக்குள்ள பேசுன வெலைய வெளிய சொல்ற வழக்கம் நம்ம சந்தையில கெடையாது தாயி, குடுக்குறத வாங்கிக்க" என்றார். அவளும் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் ஏன் சிரித்தாள் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை, யோசித்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் அவர்களுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு மூட்டை. நல்ல விலை வந்தால் நிலம் மறுபடி நாற்பத்தொரு பேர் கையில் இருக்கும். எங்கள் சங்கம் சொல்கிற விலைக்குப் போனால் வைகாசியில் குத்தகை கைவிட்டுப் போகும், பெண்கள் காலமெல்லாம் தரையில் உட்கார்ந்து எங்கள் வத்தலுக்குக் காம்பு கிள்ள வேண்டியதுதான். மூட்டைகள் களத்து ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. கோடை மழை ஒன்று பெய்தால் போதும், அத்தனையும் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். கொரியாக்காரர்களோடு கூட்டம் என்று கேள்விப்பட்டதும் தானும் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்டு வந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் சங்கம் சொல்கிற விலைக்கு மூட்டையைக் கொடுத்துவிடும்படி சொல்லி அனுப்பிவிட்டோம். அப்படிச் சொன்ன பதினாலு வாயில் என் வாயும் ஒன்று.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன். அந்த டி.வி.யையும், பேசுகிறவர் பக்கம் தானாகவே தலையைத் திருப்பிப் பார்க்கிற ஒரு கேமராவையும், மேசை நடுவில் ஆமை மாதிரி உட்கார்ந்திருக்கிற ஒரு மைக்கையும் சங்கம் சேர்ந்து வாங்கியிருந்தது. எல்லாவற்றையும் இயக்குவதற்கும் இங்கிலீஷைத் தமிழாக்குவதற்கும் பரமக்குடியிலிருந்து ரெஜினா என்ற பெண்ணை வேலைக்கு வைத்திருந்தோம். திரையில் கோட்டும் டையுமாக, எங்கள் வத்தலை வாங்க நினைத்த கொரியாக் கம்பெனியின் மேனேஜர் சோ தெரிந்தார். அவர் பக்கத்தில் நாலைந்து பேர். வணக்கம் எல்லாம் முடிந்து, உங்கள் வத்தல் குவிண்டால் என்ன விலை என்று அவர் கேட்டார். பதினாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. கேமரா பேசுகிற ஆளைத் தேடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் களைத்துப்போனது.

"அண்ணாச்சி, நம்ம மைக்கு வேலை செய்யலையோன்னு கேக்குறாக" என்றாள் ரெஜினா.

"செய்யுதுன்னு சொல்லு."

"செய்யுதுன்னா வெலையச் சொல்லுங்கங்கிறாக."

"பதினாலு பேரு இருக்குற சபையிலயா? வெளங்குமா இது?" என்றார் தாளமுத்து அண்ணாச்சி. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தவர், எழுந்து போய், தோளில் கிடந்த கட்டம்போட்ட துண்டை எடுத்து டி.வி.யின் மேல் போர்த்தி, நாற்பது வருஷப் பழக்கத்தில் வலது கையை அதற்கு அடியில் விட்டார். கண்ணாடி தட்டுப்படும் என்றுதான் நாங்கள் நினைத்தோம், தட்டுப்பட்டது கை.

அவர் முகத்தில் வியாபாரக் களை வந்துவிட்டது. "அங்கிட்டு மழை உண்டா?" என்று முறைப்படி கேட்டார். ரெஜினா கேட்டுச் சொன்னாள், அங்கே இப்போது வசந்த காலமாம், பூப் பூத்திருக்கிறதாம். "நல்லது, நல்லது" என்றார். துண்டு அசைந்தது. மறுபடி அசைந்தது. மூன்றாவது தடவை அவர் தீயில் வைத்தது போலக் கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

"பொம்பளக் கைய்யா!"

எங்களில் இரண்டு பேர் அதை நம்பாமல், ஏ.சி.யில் இருக்கிற ஆம்பளைக்கும் கை மெத்தென்றுதானே இருக்கும் என்று ஆளுக்கொரு தரம் கையை விட்டுப் பார்த்து, ஆளுக்கொரு தரம் வெட்கப்பட்டுத் திரும்பினார்கள். ரெஜினா விசாரித்தாள். அந்தக் கம்பெனியில் மிளகாய்க்கு விலை முடிவு செய்வது மேனேஜர் சோ இல்லையாம், கொள்முதல் பார்க்கிற ஓ என்கிற அம்மாளாம். முப்பது வருஷமாக மிளகாயைத் தொட்டே தரம் சொல்கிறவள், கூட்டங்களில் கேமராவில் படாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பவள், நாலு பேர் காதுபட விலை பேசுவது அவளுக்கும் பிடிக்காதாம். நாங்கள் துண்டைப் போட்டதும், "இப்பத்தான் முறை தெரிஞ்ச மனுசங்களப் பாக்குறேன்" என்று சொல்லி, தன் பக்கத்துத் திரையில் ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்திக் கையை விட்டாளாம். விரல் கணக்கு அவள் ஊர்ச் சந்தையிலும் ஏறக்குறைய இதேதானாம். வேறு கையை மாற்றித் தர முடியுமா என்று கேட்கச் சொன்னோம். விலை பேசுகிற கை தங்களிடம் இது ஒன்றுதான் இருக்கிறது என்று பதில் வந்தது.

ஊருக்குள் விஷயம் பரவியது, ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆனால் டி.வி.க்குள்ளிருந்து கை எப்படி வந்தது என்று டீக்கடையில் ஒருத்தரும் கேட்கவில்லை; முதலில் கண்ணுக்குத் தெரியாத கம்பி வழியாகப் பேச்சு வந்தது, அப்புறம் முகம் வந்தது, முகம் வந்த வழியில் கை வராமல் எங்கே போகும் என்று பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். டி.வி. கம்பெனி மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கைக்கு வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பூசாரி வந்து திருநீறு பூசினார், கை அதைத் துடைத்துவிட்டு மரியாதையாக ஒரு மிட்டாய் கொடுத்தது, அதை அவர் சாப்பிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் வந்து கை குலுக்கிவிட்டுப் போக ஆரம்பித்ததும், அலுவலக நேரத்தில் வேண்டாமே என்று மேனேஜர் சோ கேட்டுக்கொண்டதால் அதை நிறுத்தினோம். எல்லாவற்றுக்கும் ஊரில் வழி இருந்தது, ஒன்றுக்கு மட்டும் இல்லை. அடுத்த வீட்டுப் பெண்ணின் கையைத் துணிக்குள் வைத்துப் பிடிக்கிறவனுக்கு எங்கள் ஊரில் வேறு பெயர். தாளமுத்து அண்ணாச்சி அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி வெள்ளையம்மா மதினி இலையைப் போட்டுவிட்டு, சோற்றைப் போடாமல் உள்ளே போய்விட்டாராம்.

ஆகவே ஆம்பளை கை போகக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். பெண் கை துண்டுக்குள் நுழையக்கூடாது என்று அதுவரை எந்த வெட்கத்தைச் சொல்லி வைத்திருந்தோமோ, அதே வெட்கம் திரும்பி வந்து பெண் கை மட்டும்தான் நுழையலாம் என்று எங்களையே சொல்லவைத்தது. புதன்கிழமை வெள்ளையம்மா மதினியை அனுப்பினோம். என்ன விலை கேட்க வேண்டும் என்று அண்ணாச்சி வீட்டிலேயே விரலைப் பிடித்து ஏழு தரம் சொல்லிக் கொடுத்திருந்தார். மதினி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, சந்தன சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, துண்டுக்குள் கையை விட்டு இருபது நிமிஷம் நின்றார். துண்டு மும்முரமாக அசைந்தது. பிரமாதமான வியாபாரம் நடக்கிறது என்று நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"என்ன வெலைக்குப் படிஞ்சது?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"வெலையா? அவுகளுக்குப் பாவம், கைமூட்டெல்லாம் வலி. நல்லெண்ணெயச் சூடு பண்ணித் தேய்க்கச் சொன்னேன்."

"அத எப்படிச் சொன்ன?"

"தேய்ச்சுக் காமிச்சேன்."

வலி தேவலை என்று மேனேஜர் சோ நன்றி சொன்னார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கடைசிக் கூட்டம், அதிலும் விலை வராவிட்டால் வேறு ஊர் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே தெற்கே கறுத்துவிட்டது. மதினியை மறுபடி அனுப்பினால் எண்ணெய்தான் தேய்ப்பார், ரெஜினா கருவிகளை விட்டு நகர முடியாது, எங்களுக்கு வேறு வழியில்லை. தாளமுத்து அண்ணாச்சி மாடி ஜன்னலிலிருந்து களத்தைப் பார்த்து, "அன்னபுஷ்பம், கொஞ்சம் மேல வா தாயி" என்று கூப்பிட்டார். அவள் காம்பு கிள்ளிய சேலையோடு படியேறி வந்தாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்கப் பெண்கள் வந்து நின்றுகொண்டார்கள். விரல் அவளுடையது, விலை எங்களுடையது, நாங்கள் சொல்கிறபடி அழுத்தினால் போதும் என்று அண்ணாச்சி விளக்கினார்.

"மொதல்ல என் முந்நூத்திப் பன்னெண்டு மூட்டை. அதுக்குப் பெறகுதான் ஒங்க வத்தல்" என்றாள் அவள்.

"அதெப்படி? டி.வி. சங்கத்து டி.வி."

"கை என் கை அண்ணாச்சி."

மேகம் ஒரு தரம் உறுமியது. அண்ணாச்சி பேச்சை மாற்றினார். "சரி, ஒனக்கு மொதல்ல விரல் பாஷை தெரியுமா?"

"போன மாசி கடைசில நீங்களும் சாத்தூர்க்காரரும் பேசி முடிச்சது பதினாறாயிரத்து ஐநூறு" என்றாள் அன்னபுஷ்பம். "அதுக்கு முந்தின வாரம் பதினேழு. எங்க வத்தலப் போன வருசம் நீங்க வித்தது பதினெட்டு, எங்களுக்குக் குடுத்தது பதிமூணு."

"யாரு சொன்னா ஒனக்கு?" என்றார் அண்ணாச்சி. அவர் குரல் பாதியாகியிருந்தது.

"துண்டு விரலத்தான் மறைக்கும். மொழங்கைய மறைக்குமா? நீங்க நின்னுக்கிட்டுப் பேசுறீக, நாங்க தரையில ஒக்காந்து காம்பு கிள்ளுறோம், ஒங்க மொழங்கைதான் எங்க கண்ணுக்கு நேரா இருக்கு. எந்த விரல் அழுத்துனா எந்த நரம்பு எந்திரிக்கும்னு இந்தா நிக்குறாளுகளே, அத்தன பேருக்கும் தெரியும்."

எங்கள் பாட்டன் காலத்திலிருந்து பொத்திப் பொத்தி வைத்த ரகசியம். என்னையும் சேர்த்துப் பதினாலு பேரும் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை அவசரமாகக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டோம். படிக்கட்டில் யாரோ ஒருத்தி கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"தெரிஞ்சும் ஏன் இத்தன வருசமா வாயத் தொறக்கல?" என்று நான்தான் கேட்டேன்.

"தொறந்திருந்தா மறுநாளே களத்துக்கும் ஒங்களுக்கும் நடுவுல படுதா கட்டியிருப்பீக" என்றாள். உண்மைதான், கட்டியிருப்போம்.

மணி பதினொன்று. திரையில் மேனேஜர் சோ வந்து வணக்கம் சொன்னார். தாளமுத்து அண்ணாச்சி ஒரு பெருமூச்சு விட்டு, "சரித்தா, ஒன் மூட்டையே மொதல்ல" என்று சொல்லித் தோள் துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "கையக் கழுவிட்டுப் போடு தாயி, காந்தும்."

"காந்தட்டும். அவுக வாங்க வந்தது மொளகாதான?" என்று சொல்லிவிட்டு, அன்னபுஷ்பம் துண்டைத் திரைமேல் வீசிப் போர்த்தினாள். கையை உள்ளே விட்டாள். அப்புறம் இடது கையால் முந்தானையை இழுத்து, வலது முழங்கையை நன்றாக மூடிக்கொண்டாள். எட்டிப் பார்த்த பதினாலு கழுத்தும் ஏமாந்துபோயின.

அந்தக் கையில் காம்பு கிள்ளிக் கிள்ளி ஏறிய காரம் இருந்தது, எந்தச் சோப்புக்கும் போகாத காரம். பிறந்த பிள்ளையைத் தொடக்கூடாது என்று எங்கள் பெண்கள் தள்ளியே நிற்பார்களே, அந்தக் காரம். துண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது. "இந்த வருசத்து வத்தலான்னு கேக்குறாக" என்றாள் ரெஜினா. "ஆமான்னு சொல்லு" என்றாள் அன்னபுஷ்பம், பிறகு முறை தவறாமல், "அவுகளுக்கு மூட்டு வலி எப்படி இருக்குன்னு கேளு" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எத்தனையோ பேரோடு துண்டு பிடித்தவன் நான், அப்படி ஒரு முகத்தை எங்கள் சந்தையில் பார்த்ததில்லை.

விலையைத் தவிர மற்றதையெல்லாம் அவள் பிற்பாடு எங்களுக்குச் சொன்னாள். அந்தக் கை முதலில் சொன்ன விலைக்கு அவள் உள்ளங்கையைச் சுரண்டினாள். இரண்டாவது சொன்னது சங்கத்து விலையைவிட நல்ல விலைதான். அந்த நேரம் பார்த்து ஜன்னல் கம்பியில் முதல் துளி விழுந்தது, படிக்கட்டில் நின்ற பெண்கள் தார்ப்பாயைப் பார்க்கத் திரும்பினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு மூட்டையும் நனைந்தால் பேசுவதற்கு விலையே இருக்காது, கட்டைவிரலை அழுத்திவிடலாமா என்று ஒரு கணம் தடுமாறியதாகச் சொன்னாள். அழுத்தவில்லை. மறுபடியும் சுரண்டினாள்.

கை போய்விட்டது.

துண்டு டி.வி.யோடு ஒட்டித் தட்டையாகிவிட்டது. அன்னபுஷ்பம் கையை எடுக்கவில்லை, வெறும் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். "ஆசைப்பட்டுக் கெடுத்தியே தாயி" என்று அண்ணாச்சி முனகினார், அதில் பகை இல்லை, நிஜமான வருத்தம் இருந்தது. அவள் தோற்கக் கூடாது என்று நான் நினைத்தேன், அந்த நினைப்பு என் தலைக்குள் எப்போது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கேமரா அவளைப் பார்த்துத் திரும்பியது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் அது தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் துண்டு மேடு கட்டியது. திரும்பி வந்த கை சில்லென்று ஈரமாக இருந்ததாம். எரிச்சல் தாங்காமல் ஓ அம்மாள் ஐஸ் தண்ணீரில் கையை நனைத்துவிட்டு வந்திருக்கிறாள். அது அன்னபுஷ்பத்தின் மணிக்கட்டைப் பிடித்தது, விரல்களைப் பிடித்தது, இன்னும் பிடித்தது, கடைசியில் கட்டைவிரலை இரும்புப் பிடியாக அழுத்திப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்னபுஷ்பமும் அழுத்தினாள்.

அவள் துண்டை உருவி எடுத்தபோது, திரையில் முதல் தடவையாக ஓ அம்மாளைப் பார்த்தோம். சின்ன உருவம், வெட்டிவிட்ட நரைமுடி, கண்ணிரண்டும் சிவந்து தண்ணீராகக் கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளங்கையை ஊதி ஊதிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "முப்பது வருசத்துல இந்த மாதிரி மொளகாயத் தொட்டதில்லையாம்" என்று ரெஜினா சொன்னாள். "முந்நூத்திப் பன்னெண்டு மூட்டையும் எடுத்துக்கிறாக. வருசா வருசம் வேணுமாம், இந்தக் கையோடதான் பேசுவாகளாம்."

படிக்கட்டில் எழுந்த குலவைச் சத்தத்தில் ஆமை மைக் திணறிப்போனது. மழை தூறலிலிருந்து சடசடப்பாக மாறியது. யார் முதலில் ஓடியது என்று தெரியாது, பதினாலு வியாபாரிகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்துக்கு இறங்கி, பெண்களோடு சேர்ந்து மூட்டைகளைத் தூக்கிச் சங்கத்துக் கிடங்குக்குள் சேர்த்தோம். ஒரு மூட்டைகூட நனையவில்லை. மூட்டை தூக்கி நாற்பது வருஷம் ஆன தாளமுத்து அண்ணாச்சி ஒன்பது மூட்டை தூக்கினார். எங்கள் வத்தலுக்கும் அந்தக் கைதானே பேச வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எல்லாம் முடிந்து, காந்துகிற கைகளை உதறிக்கொண்டு கிடங்கு வாசலில் நின்றபோது அண்ணாச்சியால் அடக்க முடியவில்லை.

"எம்புட்டுக்கு முடிச்ச தாயி?"

அன்னபுஷ்பம் அவருடைய துண்டை நாலாக மடித்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

"துண்டுக்குள்ள பேசுன வெலைய வெளிய சொல்ற வழக்கம் நம்ம சந்தையில கெடையாதே அண்ணாச்சி."

அவர் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார், மழைச் சத்தத்தை மீறிக் கேட்கிற மாதிரி சிரித்தார்.

அன்னபுஷ்பம் பெண்களிடம் போனாள். அவர்களிடமும் வாயால் சொல்லவில்லை. தன் முந்தானையை விரித்துப் பிடித்தாள், நாற்பது பேரும் ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து அதற்குள் கையை விட்டார்கள், விட்டவள் விட்டவளெல்லாம் "ஆத்தாடி!" என்று கூவிக்கொண்டு மழைக்குள் ஓடினாள். இந்த முறையாவது தெரிந்துகொள்ளலாம் என்று நான் குனிந்து அவர்கள் முழங்கைகளைப் பார்த்தேன். ஒருத்தி விடாமல் அத்தனை பேரும் சேலைத் தலைப்பை முழங்கை மறைய இழுத்துவிட்டிருந்தார்கள்.